தொட்டிச் செடிக்கு உரமாகும் சமையலறைக் கழிவு: கைவிடப்படும் சருகே கைகொடுக்கிறது

புனே: மகாராஷ்டிர மாநிலம் புனேயின் வடமேற்கே, முளா ஆற்றை ஒட்டி அமைந்துள்ள ஔந்த், நிழல் மரங்கள் நிறைந்த சாலைகளையும் அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் கொண்ட பகுதியாகும். கோடை நெருங்கும்போது இம்மரங்கள் உதிர்க்கும் இலைகளைக் கூட்டிக் குவித்துத் தீ வைப்பது நகரின் பல இடங்களில் நெடுநாள் வழக்கம். அதே குடியிருப்புகளின் காய்கறித் தோலும் பழத் தோலும் தினந்தோறும் குப்பை வண்டியில் ஏறுகின்றன. மாடத்துத் தொட்டிச் செடிகளுக்கோ கடையிலிருந்து உர மூட்டை வாங்கப்படுகிறது. இம்மூன்றையும் ஒன்றிணைத்தால் செலவும் குறையும், புகையும் குறையும்.

இது வெறும் பொழுதுபோக்குச் செய்தி அன்று. புனேயின் குப்பை பல ஆண்டுகளாக நகருக்கு வெளியே உருளி தேவாச்சி, புர்சுங்கி கிராமங்களை ஒட்டிய கிடங்கில் கொட்டப்பட்டது. நிலத்தடி நீர் கெட்டுவிட்டதாகவும், துர்நாற்றத்தில் வாழ முடியவில்லை என்றும் அக்கிராம மக்கள் பலமுறை போராடினர். 2017 ஏப்ரலில் கிடங்கில் தீப்பிடித்தபோது அவர்கள் குப்பை லாரிகளை மறித்தனர். வாரக்கணக்கில் நகரில் குப்பை தேங்கியது. பெருங்குடியையும் கொடுங்கையூரையும் அறிந்த சென்னைவாசிகளுக்கு இந்தக் கதை புதிதன்று.

கிடங்கில் நாற்றத்தை உண்டாக்குவது பெரும்பாலும் ஈரக்கழிவுதான். காற்றுப் புகாமல் அழுகும்போது அதிலிருந்து மீத்தேன் வாயு வெளியேறுகிறது. காற்றோட்டத்துடன் மக்கினால் அதே கழிவு மண் வாசனையுள்ள உரமாகிறது. வீட்டு வாளியிலும் இதே விதிதான்.

தழைச்சத்து மிகுந்த காய்கறித் தோலை மட்டும் வாளியில் போட்டால் அது நீர் விட்டு, குழைந்து, நாறத் தொடங்கும். நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமச்சத்து 25 முதல் 30 பங்கு வரை தேவை. அந்தக் கரிமச்சத்தைத் தருவது சருகு. ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு நொறுக்கிய சருகு என்ற அளவில் அடுக்கி, வாரம் இருமுறை கிளறிவிட்டால் போதும். பிழிந்த துணியைப் போன்ற ஈரமே சரியான பதம். இரண்டு, மூன்று மாதங்களில் கறுத்த, உதிரியான உரம் கிடைக்கும்.

சருகுக்கு எங்கே போவது என்ற கேள்விக்குப் புனேயிலேயே விடை உண்டு. அங்கு அதிதி தேவதர் தொடங்கிய ‘பிரவுன் லீஃப்’ இயக்கம், இலைகளைக் கொளுத்த நினைப்போரையும் அவற்றை உரமாக்க விரும்புவோரையும் இணைக்கிறது. ஒருவருக்குக் குப்பையாகத் தோன்றும் மூட்டை, அடுத்த தெருக்காரருக்கு உரத்தின் பாதியாகிறது. மழைக்காலத்தில் காய்ந்த இலை கிடைப்பது அரிது என்பதால், மே மாதத்துக்குள் சில சாக்குகள் சேமித்து வைப்பது நல்லது.

பலர் அவசரப்பட்டு, பழத் தோலை நேரடியாகத் தொட்டியில் புதைத்துவிடுகின்றனர். அது அங்கே அழுகும்போது வேர்களுக்குரிய காற்றைப் பறிப்பதுடன் பழ ஈக்களையும் எலிகளையும் வரவழைக்கும். வாழைப்பழத் தோலை ஊறவைத்த நீர் அருமருந்து என்று சமூக ஊடகங்களில் பரவும் கூற்றும் மிகையானதே. அதில் சிறிது சாம்பல் சத்து கரையலாம். செடியின் முழு உணவாக அது ஆகாது. முட்டை ஓடு மிக மெல்லக் கரைவது. புனேயின் கரிசல் மண்ணில் சுண்ணாம்புச் சத்து இயல்பாகவே மிகுதி என்பதால், அம்மண்ணை நிரப்பிய தொட்டிக்கு அதனால் பெரும் பயனில்லை. தேயிலைச் சக்கையைப் பாலும் சர்க்கரையும் போக அலசிய பிறகே சேர்க்க வேண்டும். எண்ணெய், உப்பு கலந்த சமைத்த உணவைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

புதிதாக மண் நிரப்பும்போது நான்கில் ஒரு பங்கு உரம் கலக்கலாம்; பிறகு மாதம் ஒருமுறை ஓரிரு கைப்பிடி மேலாகத் தூவிக் கிளறினால் போதும். வீட்டு வாளியில் வெப்பம் அதிகம் உயராததால் விதைகள் சாவதில்லை. ரோஜாத் தொட்டியில் தக்காளி முளைத்தால் வியக்க வேண்டியதில்லை. விரும்பாதோர் பிடுங்கிவிடலாம், விரும்புவோர் வளர்த்துப் பறிக்கலாம்.

குப்பையை வீட்டிலேயே பிரிப்பதால் பயன்பெறும் இன்னொரு தரப்பும் உண்டு. 1993-இல் உருவான குப்பை சேகரிப்போர் தொழிற்சங்கத்தின் முயற்சியால் 2008 முதல் புனேயில் ‘ஸ்வச்’ கூட்டுறவு அமைப்பு இயங்குகிறது. அதன் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீடு வீடாகச் சேகரிக்கும் காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் விற்பது அவர்களது வருவாயின் ஒரு பகுதி. மீந்த குழம்பில் நனைந்த காகிதத்துக்கு விலை கிடைக்காது. அதை வெறுங்கையால் பிரிப்பதும் அவர்கள்தான்.

மண்புழு உரக்குழி, மழைநீர் சேகரிப்பு, சூரிய சக்தி ஆகியவற்றை அமைக்கும் குடியிருப்புகளுக்குப் புனே மாநகராட்சி சொத்து வரியில் 5 முதல் 10 சதவீதம் வரை சலுகை அளிக்கிறது. குழி பெயருக்கு இருந்தால் போதாது. அது இயங்க வேண்டும்.