கழுதை வண்டிக்காரருக்காகத் திறந்த மருந்தகம்

வியாபாரி எவருக்கும் முதல் இல்லாமல் தொழில் இல்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் தெருத் தெருவாகக் காய்கறி, மீன் விற்றவர்களில் பலருக்கு வண்டியும் அதை இழுத்த கழுதையும்தான் முதல். கழுதை நொண்டினால் அன்று வியாபாரம் இல்லை, வீட்டில் அடுப்பும் எரியாது. கால்நடை மருத்துவருக்குக் கொடுக்கக் காசு ஏது? புண்ணோடும் வீக்கத்தோடும் அது வண்டி இழுத்தது.

இதைக் கண்டு மனம் பொறுக்காதவர் மரியா டிக்கின் அம்மையார். 1870-இல் பிறந்தவர், கணக்காளர் ஒருவரின் மனைவி. ஏழைக் குடும்பங்களைப் பார்க்கப் போன இடத்தில் சொறி பிடித்த நாய்களும் கால் ஒடிந்த பூனைகளும் கண்ணில் பட்டன. 1917 நவம்பர் 17 அன்று வொயிட்சாப்பலில் ஒரு நிலவறையில் மருந்தகம் திறந்தார். எந்தப் பிராணியையும் கொண்டு வரலாம், வைத்தியம் இலவசம் என்று பலகை மாட்டினார். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் அதை பி.டி.எஸ்.ஏ. என்பார்கள்.

கூட்டம் சேர்ந்தது. பிறகு குதிரை வண்டியிலேயே மருந்தகம் அமைத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். 1928-இல் இல்ஃபோர்டில் பிராணிகளைத் தங்க வைத்துப் பார்க்கும் மருத்துவமனை எழுந்தது.

எதிர்ப்பும் வந்தது. தொடக்க கால ஊழியர்கள் பட்டதாரி மருத்துவர்கள் அல்லர். நிறுவனமே பயிற்சி கொடுத்து அமர்த்தியவர்கள். படித்துப் பட்டம் வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? வசதியுள்ளவரும் இலவச வரிசையில் நின்றால் தொழில் என்னாவது என்ற கேள்வியும் உண்டு. அது நியாயம்தான், பக்கத்துக் கடையில் சரக்கை இனாமாகக் கொடுத்தால் நாமும் கேட்போம். ஆனால் அந்தக் கழுதைக்காரர் காசு கொடுத்து வைத்தியம் பார்க்க எந்த நாளும் வந்திருக்க மாட்டார் என்பதும் உண்மை. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் விலங்கு வைத்தியத்தைப் பதிவு பெற்றவர் தொழிலாக்கியது. இப்போது அங்கே பதிவு பெற்ற மருத்துவர்களே பார்க்கிறார்கள். அரசு உதவித்தொகை பெறுவோர் போன்ற எளியவர்களுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை கிடைக்கிறது.

போரில் துணை நின்ற பிராணிகளுக்காக 1943-இல் அம்மையார் ஏற்படுத்திய பதக்கம் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1951-இல் அவர் மறைந்தார்.

நம் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியது அதன் வரவுப் பக்கம். அரசு மானியம் கிடையாது. நன்கொடை வருகிறது, உயிலில் எழுதி வைக்கிறார்கள். இவை போக, மக்கள் கொடுக்கும் பழைய துணிமணி, புத்தகம், வீட்டுச் சாமான்களை விற்க நிறுவனமே கடைகள் நடத்துகிறது. வாடகை, விளக்குச் செலவு போக மிஞ்சுவது மருந்துக்குப் போகிறது. பிரிட்டனில் இன்று 40-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் இப்படி நடக்கின்றன. வாசலில் கழுதை வண்டிகள் நிற்பதில்லை. நாயும் பூனையும் முயலும்தான் வருகின்றன.