மூதாட்டியர் அளித்த மூளைத் தானம்

முதுமை வந்தால் மறதியும் வரும் என்பது நம்மவர் நெடுங்காலமாகக் கொண்டுள்ள எண்ணம். ஆயினும், தொண்ணூறு வயதிலும் பேரப்பிள்ளைகளின் பிறந்த நாட்களைப் பிசகாமற் சொல்லும் பாட்டிமார் நம் ஊர்களில் இல்லாமலில்லை. எழுபதிலேயே பெற்ற மகனின் பெயரைத் தேடித் தவிப்போரும் உளர். இவ்வேறுபாடு எதனால் உண்டாகிறது?

இதனை அறிய, முதியோரை ஒருமுறை சோதித்தாற் போதாது. ஆண்டாண்டாகத் தொடர்ந்து சோதித்தல் வேண்டும். அதற்கு இசைவோரைச் சேர்ப்பதே ஆராய்ச்சியாளருக்குப் பெரும்பாடு. சுகதேகிகள் முன்வருவர், நோயுற்றோர் தயங்குவர். வந்தோரிலும் சிலர் இடையில் விலகிவிடுவர்.

அமெரிக்க அறிஞர் டேவிட் ஸ்நோடன் 1986ஆம் ஆண்டில் 'நோத்ர டாம் பள்ளிச் சகோதரிகள்' என்னும் கத்தோலிக்க சபையினரை நாடினார். அக்கன்னியாஸ்திரிகள் ஏறக்குறைய ஒரே வகையான உணவும் உறையுளும் வைத்திய வசதியும் பெற்றவர்கள்; பெரும்பாலோர் ஆசிரியைகள். ஆதலின் ஒருவரோடொருவரை ஒப்பிடுதல் எளிதாயிற்று.

ஆனால், ஆராய்ச்சி விரிந்தபோது அவர் கேட்டது சிறிய உதவியன்று. ஆண்டுதோறும் ஞாபகசக்திப் பரீட்சை. மடத்துப் பழைய ஏடுகளைப் பார்வையிட அனுமதி. இவற்றோடு, மரணத்தின் பின் மூளையையும் தரவேண்டும் என்றார். தகுதியுடைய 1,027 பேரில் 678 பேர் இசைந்தனர். யாவரும் 75 வயதை எட்டியவர்கள் அல்லது கடந்தவர்கள்.

அத்தானத்தாற் கிடைத்த அறிவு பெரிது. 101 வயதில் மறைந்த ஒரு சகோதரியின் மூளையில் அல்சைமர் நோயின் அடையாளங்கள் மலிந்திருந்தன; எனினும், உயிரோடிருந்த காலத்தில் அவர் பரீட்சைகளில் உயர்ந்த புள்ளிகளே பெற்றிருந்தார். அந்நோயின் அடையாளங்களோடு, இரத்தவோட்டம் தடைப்பட்ட தழும்புகளும் மூளையிற் சேர்ந்திருந்தோரிடமே அறிவுத் தளர்ச்சி மிகுந்திருந்தது என 1997இல் அறிவித்தனர். இரத்த அழுத்தத்தைக் கவனித்தல் மூளைக்கும் காவலாகும் என்பதை நாம் இதிலிருந்து உணரலாம்.

இளமையில் அவர்கள் எழுதிய சுயசரிதைக் குறிப்புகளும் ஆராயப்பட்டன. கருத்துச் செறிவுடன் எழுதியோரிடம் முதுமையில் அந்நோய் அரிதாயிருந்தது. ஆயினும், செறிவான எழுத்தே நோயைத் தடுத்தது எனத் துணிதல் தகாது. நோயின் வித்து இளமையிலேயே எழுத்தைப் பாதித்திருக்கவும் கூடும்.

மடத்துப் பெண்களிடம் கண்டதை உலகத்தார் யாவர்க்கும் பொதுவெனக் கொள்ளலும் இயலாது. பல நாட்டவரும், பல தொழிலினரும், ஆண்களும் இத்தகைய ஆராய்ச்சிகளுக்கு வேண்டும். நம் வீட்டு முதியோருக்கும் ஒருநாள் அழைப்பு வரலாம். அப்போது விடை சொல்ல வேண்டியவர் அவரே. பிள்ளைகளாகிய நாம் அல்லோம். கேட்பவர் யாவற்றையும் ஒளியாது கூறுதலும், முதியவர் ஆற அமரச் சிந்தித்து முடிவு செய்தலும் முறையாகும். அந்த 1,027 பேரில் 349 பேர் இசைந்திலர். மறுக்கும் உரிமை இருந்தமையாலன்றோ, 678 பேரின் சம்மதம் தானம் என்னும் பெயர் பெற்றது!