கருமுட்டை தானம்: எத்தனை நாள் ஆகும்?

எங்கள் வகுப்பில் ஒரு அக்கா கேட்டார். "பிள்ளை இல்லாதவர்களுக்குக் கருமுட்டை கொடுக்கலாமாமே? ஒரே நாள் வேலை என்று தரகர் சொல்கிறார்."

இல்லை அக்கா. முட்டையை எடுக்க அரை மணி நேரம் போதும். அதற்கு முன்னால் பல நாள் போகும்.

முதலில் இரத்தப் பரிசோதனை, ஸ்கேன். மாதவிலக்கு வந்த இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் ஊசி தொடங்குவார்கள். தினமும் ஊசி. பத்து, பன்னிரண்டு நாள் போடுவார்கள். மாதம் ஒரு முட்டை முதிர்வதே இயற்கை. ஊசியால் பல முட்டைகள் முதிரும். அதைப் பார்க்க இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஸ்கேன் எடுப்பார்கள். கூலி வேலைக்குப் போகிறவர் எத்தனை நாள் கூலியை விடுவது? இதைத் தரகர் சொல்ல மாட்டார்.

கடைசி ஊசியை டாக்டர் சொன்ன மணிக்கே போட வேண்டும். ஏறக்குறைய 36 மணி நேரம் கழித்து, மயக்க மருந்து கொடுத்து முட்டையை எடுப்பார்கள். அன்று துணைக்கு ஆள் வேண்டும். பிறகு சில நாள் பாரம் தூக்கக் கூடாது. வயிறு உப்பினால், மூச்சு வாங்கினால், சிறுநீர் குறைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதற்கு 2021-இல் சட்டம் வந்தது. 23 முதல் 35 வயதுப் பெண்கள்தான் கொடுக்கலாம். வாழ்நாளில் ஒரே முறைதான். ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. முட்டையை விற்பது குற்றம். தரகர் வைப்பதும் குற்றம். கொடுப்பவர் பேரில் 12 மாதக் காப்பீடு வேண்டும்.

ஒப்புதல் தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியுமே! படித்துவிட்டுப் போடுங்கள்.

அக்கா விரல் விட்டு எண்ணினார். "ஒரு மாதம் ஓடிவிடுமே" என்றார்.