ஷெட்டுக்குப் போனால் ஓடும் ப்ளோயர்

வண்டிச் சங்கதி – 17

முழுசாகச் செத்துப்போன பொருளைக் கண்டுபிடிப்பது சுலபம். ஃபியூஸ் போயிருக்கும், இல்லையென்றால் மோட்டார் எரிந்திருக்கும். அரை மணி நேரத்தில் ஆள் அகப்பட்டுவிடுவார். நன்றாக ஓடிக்கொண்டே இருந்துவிட்டு, இஷ்டப்பட்டால் நின்று, இஷ்டப்பட்டால் மறுபடி ஓடுகிற பொருள் இருக்கிறதே, அதுதான் எலெக்ட்ரீஷியனின் பொறுமைக்கும் வண்டிக்காரரின் பர்ஸுக்கும் எமன். அந்த வரிசையில் டேஷ்போர்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ப்ளோயர் ஃபேனுக்கு நான் தாராளமாக முன்வரிசை கொடுப்பேன்.

சென்னையிலும் மதுரையிலும் இருப்பவர்களுக்கு இது ஏ.சி. ஃபேன். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஹீட்டர் ஃபேன். இரண்டும் ஒன்றேதான். பெரும்பாலான கார்களில் இடதுபக்க க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால், ஒரு 12 வோல்ட் மோட்டாரும் அதன் தலையில் உருளைக் கூண்டு மாதிரியான ஒரு ஃபேனும் இருக்கும். அது தள்ளுகிற காற்று கூலிங் காயிலைத் தாண்டி வந்தால் குளிரும். இன்ஜினின் வெந்நீர் ஓடும் ஹீட்டர் காயிலைத் தாண்டி வந்தால் சூடேறும். நின்றுபோனால் சமவெளியில் வேர்க்கும், அவ்வளவுதான். மழை பெய்யும்போது கோத்தகிரி மலைப்பாதையில் நின்றால் விஷயமே வேறு. முன் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்து, எதிரே பஸ் வருகிறதா லாரி வருகிறதா என்பதே தெரியாது. கண்ணாடியில் படியும் ஆவியையும் பனியையும் நீக்கும் ஏற்பாட்டை அமெரிக்கா வெறும் வசதியாகப் பார்ப்பதில்லை. அங்கே அதற்கென்றே கூட்டாட்சி வாகனப் பாதுகாப்பு விதி எண் 103 இருக்கிறது.

சரி, நின்று நின்று ஓடுகிறது. முதலில் என்ன செய்வது? ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டாம். எப்போது நிற்கிறது என்று கவனியுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

1, 2, 3 நம்பரில் ஓடாமல் 4-இல் மட்டும் ஓடினால் சந்தேகமே வேண்டாம், ரெசிஸ்டர்தான். வேகத்தைக் குறைப்பதற்காக மின்சாரத்தைச் சில சுருள் கம்பிகள் வழியாகச் சுற்றவிடுகிறார்கள். 1-ஆம் நம்பரில் எல்லாச் சுருளும் வழியில் நிற்கும். நம்பர் ஏற ஏற ஒவ்வொன்றாக விலகும். கடைசி நம்பரில் ரெசிஸ்டரே கணக்கில் இல்லை, மின்சாரம் நேராகப் போகும். இந்தச் சுருள்களோடு ஒரு வெப்ப ஃபியூஸும் சேர்ந்திருக்கும். அளவுக்கு மீறிச் சூடானால் அது உருகிவிடும், கீழ் நம்பர்கள் எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும். கைக்காசு மிச்சம் என்று அந்த இடத்தில் ஒரு துண்டுக் கம்பியைப் பற்றவைக்கும் கைவேலை நம் ஊரில் உண்டு. தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். பிளாஸ்டிக் பெட்டிக்குள் செக்கச்செவேலென்று பழுக்கும் கம்பிக்கு இருந்த ஒரே காவலையும் எடுத்துவிடுகிறீர்கள்.

பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் ஓடுகிறதா? க்ளவ் பாக்ஸுக்கு அடியில் கையால் தட்டினால் ஓடுகிறதா? அப்படியானால் மோட்டாருக்குள் கார்பன் தேய்ந்திருக்கலாம். கார்பன் குட்டையாகிவிட்டால் ஸ்பிரிங் அதைச் சரியாக அழுத்தாது, மோட்டார் ஏதாவது ஓர் இடத்தில் நின்றுவிட்டால் தட்டாமல் கிளம்பாது. ‘கீச்’ சத்தமும் கூடவே வந்தால் புஷ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும்.

இன்னொரு வகை, பலரை ஏமாற்றுவது. நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஏ.சி. போட்டுப் போவார்கள், காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றே போகும். “ப்ளோயர் போச்சு” என்று வண்டியை நேராக ஷெட்டில் கொண்டுபோய் விடுவார்கள். அங்கே போட்டால் ஜோராக ஊதும். காதைக் கிட்டே வைத்துக் கேட்டிருந்தால் விஷயம் வழியிலேயே தெரிந்திருக்கும். ஃபேன் சத்தம் அப்படியே இருக்கும், காற்றுதான் வராது. கூலிங் காயிலில் ஐஸ் பிடித்து வழியை அடைத்திருக்கிறது. ஏ.சி.யை மட்டும் நிறுத்திவிட்டு ஃபேனை முழு வேகத்தில் கால் மணி நேரம் ஓடவிட்டால் ஐஸ் கரைந்து வண்டிக்கு அடியில் தண்ணீராய்க் கொட்டும், காற்றும் திரும்பி வரும். கேஸ் குறைவு, காயில் சென்சார் கோளாறு, அடைத்துப்போன கேபின் ஃபில்டர் என்று அதற்குக் காரணங்கள் தனி. ப்ளோயர் மோட்டாருக்கு அதில் பங்கே இல்லை.

இனி உண்மையிலேயே கழுத்தறுக்கும் வகைக்கு வருவோம். அரை மணி ஓடும், சூடானதும் நிற்கும், ஆறியதும் ஓடும். மேட்டுப்பாளையத்தில் ஒரு எலெக்ட்ரிக்கல் ஷெட்டில் இப்படிப்பட்ட வண்டி ஒன்றைப் பார்த்தேன். ஊட்டி லைனில் ஓடும் டிராவல்ஸ் கார். வேறொரு இடத்தில் ரெசிஸ்டரை மாற்றியாகிவிட்டது, மோட்டாரையும் மாற்றியாகிவிட்டது. பர்லியாறு தாண்டினால் ஃபேன் நிற்கும், குன்னூரில் டீ குடித்துவிட்டு வந்தால் ஓடும். டிரைவர் சாவியைக் கொடுக்கும்போதே, “இங்க போட்டா ஓடுமுங்கண்ணா, அதான் பிரச்சினையே” என்றார்.

எலெக்ட்ரீஷியன் சிரித்தார். “ஓடறப்ப அளந்து என்னங்க பிரயோசனம்? நிக்கட்டும், அளக்கலாம்.”

க்ளவ் பாக்ஸைக் கழற்றிவிட்டு, இணைப்பு எதையும் பிடுங்காமல், மோட்டாரின் இரண்டு வயர்களிலும் கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய ஊசியைச் செருகி மீட்டரை மாட்டினார். இன்ஜினை ஓடவிட்டார், கண்ணாடிகளை ஏற்றினார், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஃபேனைக் கடைசி நம்பருக்குத் திருப்பினார். பிறகு வேறு வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். அந்தக் காத்திருப்புதான் இந்த வைத்தியத்தின் முக்கியமான பகுதி. கூலி கொடுப்பவருக்கு அது சும்மா இருப்பதுபோல் தெரியும், நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

ஃபேன் சத்தம் இறங்கத் தொடங்கியதும் ஓடிவந்தார். மோட்டாரின் பாசிட்டிவ் பக்கம் 14 வோல்ட், குறையில்லை. மற்ற பக்கத்துக்கும் பாடிக்கும் நடுவே அளந்தால் கிட்டத்தட்ட ஒன்றும் இருக்கக் கூடாது. மீட்டர் 4 வோல்ட்டைக் காட்டி ஏறிக்கொண்டே போயிற்று. பல கார்களில், இந்தக் காரிலும்தான், சுவிட்சும் ரெசிஸ்டரும் எர்த் பக்கத்தில் இருக்கும். சாவியைப் போட்டதுமே மோட்டாருக்குப் பாசிட்டிவ் வந்துவிடும், சுவிட்ச் எர்த்தைச் சேர்த்து வைக்கும். இது தெரியாமல் டெஸ்டரை வைத்து “கரண்ட் வருது, மோட்டார்தான் அவுட்” என்று தீர்ப்புச் சொல்பவர்கள் நிறைய. எர்த் அறுந்திருந்தால் மோட்டாரின் இரண்டு முனையிலுமே 12 வோல்ட் காட்டும் என்பது அவர்களுக்கு ஞாபகம் இருப்பதில்லை.

ஊசியை ஒவ்வோர் இடமாக நகர்த்திக்கொண்டே போனார். கடைசி நம்பரில் சுருள்கள் விலகிவிட்டாலும், இந்தக் காரில் மின்சாரம் ரெசிஸ்டரின் கப்ளர் வழியாகத்தான் போக வேண்டும். ரெசிஸ்டர் கப்ளரின் இந்தப் பக்கம் 4 வோல்ட், அந்தப் பக்கம் கால் வோல்ட். அகப்பட்டது. கழற்றிக் காட்டினார். வெள்ளை பிளாஸ்டிக் ஒரு மூலையில் மட்டும் பழுப்பேறி உருகியிருந்தது. அந்த ஒரு பின் நீலம் பாய்ந்து, வயரின் இன்சுலேஷன் வடகம்போல் விறைத்திருந்தது. பக்கத்துப் பின்கள் பளபளவென்று புதிதாக இருந்தன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ப்ளோயர் முழு வேகத்தில் 15 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பின் லூஸாகி, அங்கே ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை சேர்ந்தால் போதும். 1.5 வோல்ட் அங்கேயே தங்கிவிடும், 22.5 வாட் சூடாக மாறும். ரேடியோ ரிப்பேர்க் கடையில் இருக்கும் சின்ன சோல்டரிங் அயர்ன் 25 வாட்தான். சூடாக ஆகப் பின் தன் பிடிப்பை இழக்கும். பிடி தளரத் தடை ஏறும், தடை ஏறச் சூடு ஏறும். ஒரு கட்டத்தில் தொடர்பு விடும், ஃபேன் நிற்கும். ஆறியதும் உலோகம் சுருங்கி எங்கோ ஒரு முனை ஒட்டிக்கொள்ளும். ஷெட்டுக்குள் நுழையும்போது ஓடுவதன் ரகசியம் இதுதான்.

முந்தைய ஷெட்டில் புது ரெசிஸ்டரை அதே பழைய கப்ளரில்தான் சொருகியிருந்தார்கள். இங்கே கப்ளரை வெட்டியெடுத்து, கனமான வயரோடு வரும் புதியதை க்ரிம்ப் செய்து போட்டார். பழைய சாமான் கருகியிருந்தால் அது ஏன் கருகியது என்று கேட்காமல் புதுசு போடுவது, மறுபடி கருக வைப்பதற்குச் சமம். அதனால் மோட்டாரின் ஆம்பியரையும் கிளாம்ப் மீட்டரில் பார்த்துக்கொண்டார். 20 ஆம்பியரைத் தாண்டியிருந்தால் மோட்டாரைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருப்பார். அந்த அளவு காருக்கு அது அதிகம்.

மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. டிஜிட்டல் மீட்டர் தனக்கென்று மின்சாரமே எடுக்காது என்று சொல்லலாம். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும் அது 12 வோல்ட் காட்டும், மோட்டார் மட்டும் அசையாது. ஆகவே லோடு ஓடும்போது அளக்க வேண்டும், அல்லது பழைய ஹெட்லைட் பல்பை டெஸ்ட் லாம்பாக வைத்துக்கொள்ள வேண்டும். 55 வாட் பல்பு நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சொத்தை வயர் அதன் முன் தாக்குப்பிடிக்காது, பல்பு மங்கிவிடும்.

கேபின் ஃபில்டர் அடைத்தால் மோட்டாருக்கு லோடு ஏறும் என்று பரவலாக ஒரு நம்பிக்கை. எனக்கு உடன்பாடில்லை. இந்த வகை ஃபேன் தள்ளும் காற்று குறைந்தால் ஆம்பியரும் குறையும். ஆனால் ரெசிஸ்டரைக் குளிர வைப்பது அதே காற்றுதான். காற்று குறைந்தால் அது வெந்துபோகும். வேப்ப மரத்தடியில் வண்டி நிறுத்துகிறவர்கள் வைப்பருக்குக் கீழே இருக்கும் ஜல்லடையைத் திறந்து பாருங்கள். இலை மக்கி, மழைத்தண்ணீர் வடியும் ஓட்டையை அடைத்து, தண்ணீர் நேரே ப்ளோயருக்குள் இறங்கும். எலி கூடு கட்டியிருந்தால் அது தனிக் கதை.

தானியங்கி ஏ.சி. உள்ள கார்களில் சுருளுக்குப் பதிலாக ட்ரான்சிஸ்டர் மாட்யூல் இருக்கும். அது சூட்டில் மயங்கினால் ஃபேன் நிற்கும், ஷார்ட் ஆனால் நிறுத்தவே முடியாமல் முழு வேகத்தில் ஓடும். அங்கேயும் முதலில் கப்ளரைப் பாருங்கள், பிறகு மாட்யூலுக்கு விலை கேளுங்கள்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 30 ஆம்பியர் இடத்தில் 40 போட யாராவது முன்வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஷெட்டில் விடும்போது, எந்த நம்பரில், எவ்வளவு நேரம் ஓடிய பிறகு நிற்கிறது, அப்போது சத்தம் இருக்கிறதா இல்லையா என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். கழற்றிய பழைய கப்ளரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

(அடுத்த வாரம்: காயிலில் பிடிக்கும் ஐஸ்)