கல்வெட்டும் மலரும் சான்றாகும் விதம்

சமூக ஆய்வுக்குத் துணைநிற்கும் நூலகரின் வேலை புத்தகம் எடுத்துக் கொடுப்பதோடு முடிவதில்லை. பாடசாலை மலர், கும்பாபிஷேக மலர், அந்தியேட்டிக்கு வெளியிடும் கல்வெட்டு, துண்டுப்பிரசுரம் என்பவற்றைத் தேடிச் சேர்ப்பதும் அவர் பணிதான். ஓர் ஊரில் யார் வாழ்ந்தார்கள், எங்கே இடம்பெயர்ந்தார்கள் என்பதற்குப் பல வேளைகளில் இவையே சான்று.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அவற்றோடு போயின. ஒரே இடத்தில் ஒரே பிரதி இருப்பதன் ஆபத்தை அன்று கண்டோம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் ஸ்கான் செய்து இலவசமாக வாசிக்கத் தருகிறது.

ஸ்கான் செய்தால் மட்டும் போதாது. ஊர், ஆண்டு, வெளியிட்டவர் என்ற விபரங்களோடு பட்டியலிட்டால்தான் தேடுபவருக்குக் கிடைக்கும். பருத்தித்துறையை ஆங்கில ஆவணங்கள் 'பொயின்ற் பீட்ரோ' என்கின்றன. இரு பெயர்களையும் நூலகர் இணைத்து வைக்காவிட்டால், மாணவரின் கண்ணில் பாதிச் சான்று படாது.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீடு மாறுகிறீர்களா? பழைய கட்டுகளைக் கடதாசிக்காரரிடம் போடுமுன், வெள்ளவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். தெரிந்தவர் மறைந்தபின் எந்த நூலகராலும் அதை எழுத முடியாது.