அருகிவிட்டதா, அறியப்படவில்லையா? மண்வாழ் சிற்றுண்ணிகளை மதிப்பிடும் சிக்கல்

மலாயாப் புலி அருகி வருகிறது என்று சொன்னால் அதை எவரும் மறுப்பதில்லை. காட்டில் அதன் அடிச்சுவட்டைத் தேடுகிறார்கள். மரத்தில் கட்டிய தானியங்கிக் காமிராவில் அது படமாகிறது. உடலிலுள்ள கோடுகளைக் கொண்டு ஒரு புலியை மற்றொன்றிலிருந்து பிரித்தறிந்து எண்ணுகிறார்கள். ஆனால், அப்புலி மிதித்துச் செல்லும் சருகின் அடியில் வாழும் சிற்றுண்ணி ஒன்று அருகி வருகிறது என்று ஓர் ஆராய்ச்சியாளர் கூறுவாராயின், "எப்படி அறிந்தீர்?" என்ற கேள்வி உடனே எழும். நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண்பது எத்துணை கடினம் என்பதைப் பார்ப்போம்.

மாட்டின் மீதும் நாயின் மீதும் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் உண்ணியை அறியாதார் இல்லை. அதன் உறவான மிகச் சிறு உயிர்களே சிற்றுண்ணிகள். பூச்சிகளுக்குக் கால்கள் ஆறு. இவற்றுக்கோ சிலந்திக்குப் போல எட்டு. முட்டையிலிருந்து வந்த இளம் பருவத்தில் மட்டும் பெரும்பாலும் ஆறு. முதல் மழை பெய்ததும் தமிழ்நாட்டு நிலங்களில் சிவப்புப் பட்டுத் துணுக்கைப் போல ஊர்ந்து வருகின்ற தம்பலப்பூச்சியும், பெயரளவில் பூச்சியாயினும், இக்குலத்தைச் சேர்ந்ததே. சங்கப் புலவர்கள் மூதாய் எனப் பாடியது இதனையே என்பர்.

தம்பலப்பூச்சி இக்குலத்தில் ஓர் இராட்சதன். மற்றவற்றுள் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர் நீளமும் இல்லாதவை. இதுவரை 50,000 இனங்களுக்கு மேல் பெயரிடப்பட்டுள்ளன. பெயரிடப்படாதவை அதனினும் பன்மடங்கு. மண்ணில் மிகுந்து காணப்படும் ஓரிபாட்டிட் என்னும் கடின ஓட்டுப் பிரிவில் மட்டும் சுமார் 11,000 இனங்கள் உண்டு. குளிர்நாட்டுக் காடுகளில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிற்றுண்ணிகள் இருப்பதுண்டு. காளானையும் மக்கும் இலையையும் தின்று, மரத்திலிருந்து விழுந்ததை மீண்டும் மரத்துக்கு உரமாக்கும் வேலையில் இவற்றுக்குப் பங்குண்டு. இவற்றின் குலம் மிகப் பழையது. ஸ்காத்லாந்தில் ரைனி என்னும் ஊரில் கிடைத்த கல்லில் 41 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சிற்றுண்ணி பதிந்திருக்கிறது.

இவற்றை மண்ணிலிருந்து பிரித்தெடுக்க ஒரு சுலபமான கருவி உண்டு. இத்தாலிய அறிஞர் அந்தோனியோ பெர்லேஸ் 1905-இல் அமைத்த புனல் அது. சுவீடன் நாட்டு ஆல்பர்ட் துல்கிரேன் 1918-இல் அதற்கு மின்விளக்கைச் சேர்த்தார். புனலின் மேல் வலையிட்டு மண்ணைப் பரப்பி, அதன்மேல் விளக்கை எரியவிடுவார்கள். வெப்பத்துக்கும் வறட்சிக்கும் அஞ்சிய சிற்றுயிர்கள் கீழே கீழே இறங்கி, அடியிலுள்ள சாராயக் குப்பியில் விழும். இவ்வளவு எளிதான வேலைக்குப் பிறகுதான் உண்மையான உழைப்பு ஆரம்பிக்கிறது. ஒவ்வொன்றையும் அமிலத்தில் ஊறவைத்துத் தெளியச் செய்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்து, உடலிலுள்ள மயிர்களின் இடத்தையும் வடிவையும் ஆராய வேண்டும். இளம் பருவத்தவை பல, தாயைப்போல் இருப்பதே இல்லை. அவற்றுக்குப் பெயர் சொல்ல வல்லவர்கள் உலகிலேயே மிகச் சிலர்.

இனி, மதிப்பீட்டு விதிகளுக்கு வருவோம். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1964 முதல் சிவப்புப் பட்டியலை வைத்திருக்கிறது. 2001-இல் வகுக்கப்பட்ட அளவுகோல்கள் புலிக்கும் பொருந்தவேண்டும், புழுவுக்கும் பொருந்தவேண்டும். முதிர்ந்த உயிர்கள் 250-க்கும் குறைவாக இருந்து, அத்தொகையும் விரைந்து குறைந்துவருமானால் அந்த இனம் மிகக் கடும் அபாயத்தில் இருப்பதாகக் கொள்வது ஒரு விதி. சிற்றுண்ணிக்கு இவ்விதியால் பயனில்லை. ஒரே மரத்தடியில் அதைவிட மிகுதியாக இருக்கக்கூடும். பத்து ஆண்டுகளில், அல்லது மூன்று தலைமுறைகளில், எத்தனை விழுக்காடு குறைந்தது என்பது மற்றொரு விதி. பத்து ஆண்டுகளுக்கு முன் எண்ணியவர் யார்?

மிஞ்சுவது பரப்பளவு விதி. ஓர் இனம் வாழும் இடத்தை இரண்டு கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுவது வழக்கம். வாழிடப் பரப்பு 10 சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தால் அது மிகக் கடும் அபாய வரம்புக்குள் வரும். ஒருவர் ஒரே பிடி மண்ணில் கண்டெடுத்த சிற்றுண்ணி ஒரே கட்டத்தை, அதாவது 4 சதுர கிலோமீட்டரை, நிரப்புகிறது. ஆகவே, ஒருமுறை மட்டும் அகப்பட்ட ஒவ்வோர் இனமும் இவ்வரம்புக்குள் வந்துவிடும்! அது சிற்றுண்ணியின் அருமை அன்று, தேடியவர்களின் அருமை. இதை உணர்ந்துதான் இடம் துண்டுபட்டிருத்தல், தொடர்ந்து குறைதல், கடுமையாக ஏறி இறங்குதல் ஆகியவற்றுள் இரண்டேனும் உடன் இருக்கவேண்டும் என்று விதித்தார்கள். அதைக் காட்ட முடியாத இனத்தைத் "தகவல் போதாது" என்ற பிரிவில் வைக்கிறார்கள். போதாது என்பதற்குப் பாதுகாப்பாக இருக்கிறது என்று பொருளில்லை. ஆனால் காடு வெட்ட அனுமதி கேட்கும் மனு மேசைக்கு வரும்போது, அவ்விரண்டும் ஒன்றாகவே படிக்கப்படுகின்றன.

சிங்கப்பூரின் கதை இதற்கு நல்ல சான்று. 1819-க்குப் பின் அத்தீவின் பழங்காட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்துவிட்டது. பறவை, வண்ணத்துப்பூச்சி முதலியவற்றின் பழைய பட்டியல்களை இன்றைய பட்டியல்களோடு ஒப்பிட்டும், எழுதப்படாமலே மறைந்தவற்றைக் கணித்தும், இரு நூற்றாண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இனங்கள் மறைந்திருக்கும் என 2023-இல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். ஆல்பிரட் வாலஸ் 1854-இல் புக்கிட் தீமாவில் தங்கி நூற்றுக்கணக்கான வண்டினங்களைச் சேகரித்தார். அவர் காலத்தில் பெர்லேஸின் புனல் ஏது? வெட்டப்பட்ட காட்டோடு போன சிற்றுண்ணிகள் பெயரும் பெறாமலே போயின.

மலாயாவில் நன்கு ஆராயப்பட்ட மண்வாழ் சிற்றுண்ணிகள் எவை தெரியுமா? உண்ணிக் காய்ச்சலைப் பரப்புபவை. அவற்றின் இளம் பருவம் மட்டுமே எலியையும் மனிதனையும் கடிக்கும்; வளர்ந்தவை மண்ணில் வாழும். தோட்டத் தொழிலாளரையும் படைவீரரையும் அந்நோய் வாட்டியதால் கோலாலம்பூரில் நெடுங்கால ஆராய்ச்சி நடந்தது; 1948-இல் அங்கேதான் அதற்குக் குளோரம்பெனிகால் மருந்து பலனளிப்பது நிரூபிக்கப்பட்டது. தீங்கு செய்ததற்குப் பணம் கிடைத்தது; தீங்கு செய்யாதது கவனிப்பாரின்றிக் கிடந்தது.

எனினும், வழியே இல்லை என்று கைவிட வேண்டியதில்லை. எண்ண முடியாவிட்டாலும் ஊகிக்க விதிகள் இடம் தருகின்றன. ஓரிபாட்டிட் சிற்றுண்ணிகள் மெதுவாக வளர்பவை, சில முட்டைகளே இடுபவை, சிறகில்லாதவை. குளிர்நாடுகளில் ஒரு தலைமுறைக்கு ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். இத்தகையவை அழிந்த இடத்துக்கு விரைந்து திரும்பமாட்டா. 2012 முதல் ஜெர்மானிய, இந்தோனேசிய அறிஞர்கள் சுமத்திராவின் ஜம்பி வட்டாரத்தில் மழைக்காட்டையும் ரப்பர், செம்பனைத் தோட்டங்களையும் ஒப்பிட்டு வந்தனர். சருகிலும் மண்ணிலும் வாழும் சிற்றுயிர்களின் வகையும் தொகையும் தோட்டங்களில் வெகுவாகக் குறைந்திருக்கக் கண்டனர். ஓர் இனம் பழங்காட்டு மண்ணில் மட்டுமே அகப்படுகிறது, பக்கத்துத் தோட்டத்தில் பலமுறை தேடியும் இல்லை என்றால், காடு சுருங்கும் வேகத்தைச் செயற்கைக்கோள் படத்தில் அளந்து அந்த இனத்தின் கதியைக் கணிக்கலாம்.

பலமுறை தேடியும் என்ற சொல் முக்கியம். தம்பலப்பூச்சியை முன்போல் காணோம் என்று கிராமத்தார் சொல்வதுண்டு. நாட்டு மருந்துத் தைலத்துக்காக அதைப் பிடிப்பதும் உண்டு. ஆனால் அது மழையை ஒட்டிய சில நாட்களே வெளியே தலைகாட்டும். மற்ற நாட்களில் மண்ணுக்குள் கிடக்கும். ஒரு நாள் போய்ப் பார்த்து இல்லை என்று எழுதிவிடுவது மதிப்பீடாகாது. அதே வயலில், அதே மழையில், ஆண்டுதோறும் எண்ணவேண்டும்.

ஒன்றைக் காப்பது மற்றொன்றின் கையில் இருப்பதும் உண்டு. மத்திய அமெரிக்காவில் வாழும் சிவப்பு நச்சுத்தவளை தன் நஞ்சைத் தானே செய்வதில்லை. அதில் பெரும்பகுதி அது தின்னும் ஓரிபாட்டிட் சிற்றுண்ணிகளிலிருந்து வருவதென 2007-இல் காட்டினார்கள். தவளையைக் கூண்டில் வைத்து வேறு தீனி கொடுத்து வளர்த்தால், நிறம் இருக்கும், நஞ்சு இராது.

நெகிரி செம்பிலானின் பாசோக் காட்டில் 1970-களின் தொடக்கத்தில் மலேசிய, பிரிட்டிஷ், ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் மரத்தோடு மண்ணுயிர்களையும் சேர்த்து ஆராய்ந்தனர். அத்தகைய பழைய கணக்குகளே பின்னால் வருபவருக்கு அளவுகோலாகின்றன. இன்று எடுக்கும் மண்ணுக்கும் அதே பயன் உண்டு. பெயர் சொல்ல ஆள் இல்லாவிட்டாலும் சிற்றுண்ணிகளைச் சாராயக் குப்பியில் போட்டு வைக்கலாம்; இடம், நாள், எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்ற மூன்றும் சீட்டில் எழுதியிருந்தால் போதும்.