மின்வேலி பாட்டரியைப் பட்டினி போடாதீர்கள்

உசிலம்பட்டி, எழுமலைப் பகுதியில் மலையடியை ஒட்டி மக்காச்சோளம், நிலக்கடலை பயிரிடும் விவசாயிகளுக்குக் காட்டுப்பன்றி தீராத தொல்லை. பொறுக்க முடியாமல் சிலர் மின்கம்பத்திலிருந்து நேராக வேலிக்கு மின்சாரம் கொடுத்து விடுகின்றனர். இது குற்றம் மட்டுமல்ல, கொலைக்குச் சமம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இத்தகைய வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன.

சூரிய மின்வேலி அப்படியல்ல. 12 வோல்ட் பாட்டரியின் உதவியால் அதன் கருவி சுமார் வினாடிக்கு ஒருமுறை, கண்ணிமைக்கும் நேரத்திற்கும் குறைவாக மின்துடிப்பு அனுப்பும். 'சுருக்'கென்று அதிர்ச்சி தந்து விரட்டுமே தவிர, முறைப்படி அமைத்தால் உயிரைப் பறிக்காது.

ஆனால் பாட்டரி இறங்கினால் வேலி வெறும் கம்பிதான். பன்றி அதை விரைவில் தெரிந்து கொள்ளும்!

தகட்டின் அளவைக் கணக்குப் பார்த்தே வாங்க வேண்டும். கருவி 0.2 ஆம்பியர் எடுப்பதாகக் கொண்டால், நாள் முழுவதற்கும் 4.8 ஆம்பியர்-மணி தேவை. 20 வாட் தகடு ஐந்து மணி நேர நல்ல வெயிலில் சுமார் 5 ஆம்பியர்-மணி தரும். இது வாய்க்கும் வயிற்றுக்குமே சரி. ஐப்பசி, கார்த்திகை மூடாக்கு நாட்களை நினைத்தால் 40 வாட் தகடே நல்லது. மூன்று நாள் வெயில் இல்லாவிடினும் பாதிக்குமேல் இறங்காதிருக்க, பாட்டரி 30 ஆம்பியர்-மணிக்குக் குறையக் கூடாது. தகட்டிற்கும் பாட்டரிக்கும் இடையே சார்ஜ் கன்ட்ரோலர் அவசியம். இல்லையேல் பகலில் அளவுக்கு மீறி ஏறும். இரவில் மின்சாரம் தகட்டிற்கே திரும்பிக் கசியவும் கூடும்.

தகட்டைத் தெற்கு நோக்கி 10 முதல் 15 டிகிரி சாய்வாக வைத்தால் மழை தூசியைக் கழுவிவிடும். வேப்பமர நிழல் ஓரத்தில் விழுந்தாலும் வரவு வெகுவாகக் குறையும்.

அறுவடை முடிந்ததும் பாட்டரியைக் கழற்றி வீட்டு மூலையில் போடுவது பெருந்தவறு. சும்மா கிடந்தாலும் அது தானாக இறங்கும். ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து, மீண்டும் சார்ஜ் ஏறாது. சூரியத் தகட்டோடு இணைந்தே இருக்கட்டும். கரையில் கிடக்கும் சிறு படகுகளின் பாட்டரியையும் இப்படித்தான் காக்கின்றனர். ஓய்விலிருக்கும் பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி தீர்ந்தது.

மூடி திறக்கும் வகையில் மாதம் ஒருமுறை நீர்மட்டம் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்றுத் தண்ணீர் ஆகாது. அப்போது பீடி, தீக்குச்சி பக்கத்தில் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் வாயு தீப்பற்றக் கூடியது.

காப்புக்காட்டை ஒட்டிய நிலங்களில் வேலி போடுமுன், 2023-ஆம் ஆண்டு மின்வேலி விதிகளின்படி பதிவு செய்வது பற்றி வனத்துறையிடம் கேட்டுக் கொள்ளவும். மானிய விவரம் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கிடைக்கும்.